அப்பாவின் லாக் புக்கை எப்படி வாசிப்பது?

கேள்வி:

கேப்டன் சார், வணக்கம். என் அப்பா உள்நாட்டு விமான நிறுவனம் ஒன்றில் 34 வருடம் விமானியாக இருந்தார். ஓய்வு பெற்று வீட்டோடு இருந்தவர், போன வருடம் தூக்கத்திலேயே போய்விட்டார். அடுத்த மாதம் வருஷ திதி. அன்று உறவினர்களுக்கும் அப்பாவின் நண்பர்களுக்கும் கொடுக்க ஒரு சின்ன நினைவு மலர் போடலாம் என்று நினைக்கிறோம். அங்கேதான் சிக்கல். "குடும்பத்துக்காகவே வாழ்ந்தவர் என்று முதல் பக்கத்தில் போடு" என்கிறார் அம்மா. கனடாவில் இருக்கும் அண்ணன், "அவர் விமானத்துக்காக வாழ்ந்தவர். 16,400 மணி நேரம் பறந்திருக்கிறார். அதில் நமக்கு எத்தனை மணி கிடைத்தது? பொய் எழுதாதே" என்கிறான். அவனுடைய பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்றும் சரி, அவன் முதன்முதலில் வெளிநாடு கிளம்பிய அன்றும் சரி, அப்பா ஊரில் இல்லை.

அப்பா டைரி எழுதியதில்லை. கடிதமும் கிடையாது. பறந்த ஒவ்வொரு ஓட்டத்தையும் விமானி குறித்துவைக்கும் ஏடான லாக் புக் மட்டும் ஏழு இருக்கிறது. எல்லாம் எண்ணும் ஊர்ச் சுருக்கமும்தான். மூன்று பக்கங்களைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறேன். இதை வைத்து அப்பாவைப் பற்றி எதாவது எழுத முடியுமா? அம்மா, அண்ணன், இருவரில் யார் சொல்வதை எழுதுவது?

- வாசகி, சென்னை

பதில்:

அன்புள்ள மகளுக்கு,

நீங்கள் அனுப்பிய மூன்று பக்கங்களையும் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே நேற்று ராத்திரி வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். உங்கள் அப்பாவை எனக்கு நேரில் பழக்கமில்லை. ஆனால் அந்தக் கையெழுத்தைத் தெரியும். சாய்வில்லாத சின்ன எழுத்து, ஏழுக்கு நடுவில் ஒரு கோடு, ஒரு இடத்தில்கூட அடித்தல் திருத்தல் இல்லை. பறந்து முடித்த அன்றே எழுதுகிறவர்களின் கையெழுத்து அப்படி இருக்கும். மாதக் கடைசியில் டியூட்டி அட்டவணையை, அதாவது ரோஸ்டரை, பார்த்து மொத்தமாக எழுதுகிற என்னைப் போன்றவர்களின் பக்கம் வேறு மாதிரி இருக்கும்.

அம்மா சரியா, அண்ணன் சரியா என்பதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் லாக் புக்கை வாசிக்கச் சொல்லித் தருகிறேன். வாசிக்கத் தெரிந்தால் அந்தச் சண்டையில் பாதி தானாகவே வேறு பேச்சாக மாறிவிடும்.

முதல் பக்கம், 1973. மீனம்பாக்கத்தில் மெட்ராஸ் ஃப்ளையிங் கிளப். விமானம் புஷ்பக். இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானம், பெங்களூரில் எச்.ஏ.எல். கட்டியது. எங்கள் தலைமுறையில் எத்தனையோ பேர் அதில்தான் பழகினோம். அந்தப் பக்கத்தில் மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டே வாருங்கள். கமாண்டர், அதாவது அந்த ஓட்டத்துக்குப் பொறுப்பான விமானியின் பெயர் எழுதும் கட்டத்தில் ஒரே பயிற்றுநரின் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. பதினெட்டாவது வரியில் அந்தப் பெயர் இல்லை. அதற்குப் பதிலாக 'செல்ஃப்' என்று இருக்கிறது. நேரம் பத்து நிமிடம். அன்றுதான் பயிற்றுநர் விமானத்திலிருந்து இறங்கிக்கொண்டு, "நீயே ஒரு சுற்று போய்விட்டு வா" என்று சொல்லியிருக்கிறார். ஆள் இறங்கியதும் எடை குறைந்து விமானம் நினைத்ததற்கு முன்பே தரையை விட்டு எழும்பும். பக்கத்து சீட் காலியாக இருக்கும். எந்த விமானிக்கும் அந்தப் பத்து நிமிடம் மறக்காது. உங்கள் அப்பா அங்கே 'செல்ஃப்' என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டார். மலரில் அந்தப் பக்கத்தை அப்படியே படமாகப் போடுங்கள். அந்த வரிக்கு நேராக இது என்ன என்று இரண்டு வாக்கியம் எழுதுங்கள். போதும்.

இரண்டாவது பக்கத்தில்தான் உங்களுக்குக் குழப்பம் வந்திருக்கிறது. "அப்பா போகிக்கு முந்தின நாள் ஷார்ஜாவிலிருந்து கிளம்பி, பெங்களூரில் இறங்கியதாக இருக்கிறது. அம்மா, அவர் பொங்கலன்று விடியற்காலையில்தான் வீட்டுக்கு வந்தார், அதுவும் பஸ்ஸில் வந்தார் என்கிறார். நடுவில் ஒரு நாள் முழுக்க எங்கே போனார்?" என்று கேட்டிருக்கிறீர்கள். அண்ணனும் இதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறான் போலிருக்கிறது.

முதல் விஷயம், தேதி. எங்கள் தொழிலில் நேரம் பொதுவாக இந்திய நேரத்தில் எழுதப்படுவதில்லை. உலகம் முழுக்கப் பொதுவான ஒரு நேரம் இருக்கிறது, யு.டி.சி. என்பார்கள். இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் போகிறது. ஆகவே இந்தியாவில் விடியற்காலை ஐந்தரைக்கு முன்னால் நடப்பதெல்லாம் லாக் புக்கில் முந்தின நாள் தேதியில் விழும். உள்நாட்டு ஓட்டங்களுக்கு இந்திய நேரத்தையே எழுதுகிறவர்களும் உண்டு. உங்கள் அப்பா எந்தப் பழக்கம் என்று தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. இரவில் பறந்த நேரத்துக்குத் தனிக் கட்டம் இருக்கும். மதியம் இரண்டு மணிக்குக் கிளம்பியதாக எழுதிவிட்டு, முழு நேரத்தையும் இரவுக் கட்டத்தில் போட்டிருந்தால் அது யு.டி.சி. அப்பாவின் பக்கத்தில் அப்படித்தான் இருக்கிறது. இனி நீங்கள் எந்தத் தேதியைத் தேடினாலும் ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிவிட்டுத் தேடுங்கள். "என் பிறந்தநாள் அன்று டெல்லியில் இருந்திருக்கிறார்" என்று அவசரப்பட்டு வருத்தப்பட வேண்டாம். முந்தின ராத்திரியாக இருக்கலாம்.

அந்த ஷார்ஜா ஓட்டத்துக்கு வருகிறேன். லாக் புக் கணக்குப்படி இரவு ஒன்பதரைக்குக் கிளம்பியிருக்கிறார். நமக்கு அது போகியன்று விடியற்காலை மூன்று மணி. நான்கு மணி நேரப் பயணம். சென்னைக்கு மேலே வரும்போது காலை ஏழு மணி. போகியன்று காலை ஏழு மணிக்கு மீனம்பாக்கம் எப்படி இருக்கும் என்று சென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பனியும் புகையும் கலந்து நிற்கும். பழைய பாயும் டயரும் எரிந்த புகை தரையோடு படுத்துக்கொண்டு மேலே எழும்பாது. ஆயிரம் அடியிலிருந்து பார்த்தால் ஓடுபாதை சாம்பலுக்கு அடியில் இருக்கிற மாதிரி இருக்கும். இறங்கத் தேவையான பார்வைத்தூரம் இல்லை என்றால் இறங்கக் கூடாது. கொஞ்ச நேரம் வானத்தில் வட்டமடித்துப் பார்ப்போம், எரிபொருள் ஒரு அளவுக்குக் கீழே போவதற்குள் வேறு ஊருக்குத் திருப்பிவிடுவோம். அவர் பெங்களூருக்குத் திருப்பியிருக்கிறார்.

பிறகு அதே விமானத்தைச் சென்னைக்குக் கொண்டுவந்திருக்கலாமே என்று தோன்றும். முடியாது. ராத்திரி முழுக்க விழித்து ஓட்டியவருக்கு டியூட்டி நேரம் முடிந்துபோயிருக்கும். அதற்கு மேல் ஓட்டினால் சட்டப்படி தப்பு. வேறு ஒரு குழு வந்து எடுத்துக்கொண்டு போயிருக்கும். அப்பா பெங்களூரில் ஏதோ ஒரு ஓட்டலில் படுத்துத் தூங்கியிருப்பார். அன்றைக்கு எல்லா ஓட்டமும் தாறுமாறாகியிருக்கும், வருகிற விமானமெல்லாம் நிரம்பி வழிந்திருக்கும். அடுத்த வரி மூன்று நாள் கழித்து, சென்னையிலிருந்து தொடங்குகிறது. நடுவில் எதுவும் இல்லை. லாக் புக்கில் ஒருவர் தான் ஓட்டியதை மட்டும்தான் எழுதலாம். பயணியாக வந்ததையோ பஸ்ஸில் வந்ததையோ எழுத அதில் கட்டம் கிடையாது.

அந்தக் கட்டம் உங்கள் அம்மாவிடம் இருக்கிறது. "சட்டையிலிருந்த பட்டையெல்லாம் தெரியாமல் மேலே ஒரு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, கையில் இரண்டு கரும்போடு வந்து நின்றார்" என்று அம்மா சொன்னதாக எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் நான் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன். அடுத்த விமானத்தில் இடம் கிடைக்கும் வரை ஓட்டலிலேயே இருந்திருந்தால் ஒருவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ராத்திரி பஸ் பிடித்து ஆறேழு மணி நேரம் உட்கார்ந்தே வந்திருக்கிறார், பொங்கல் பானை பொங்குவதற்குள் வந்து சேர. ஷார்ஜா, பெங்களூர் என்ற அந்த ஒரு வரியைப் போட்டு, கீழே அம்மா சொன்னதை அம்மாவின் வார்த்தையிலேயே போடுங்கள். லாக் புக்கும் அம்மாவும் சேர்ந்தால்தான் அந்த நாள் முழுசாகிறது. நான் உங்களுக்குச் சொல்ல நினைப்பதே இதுதான். ஏழு லாக் புக்கையும் ஒரு பக்கம் வையுங்கள், வீட்டில் இருப்பவர்களின் ஞாபகத்தை இன்னொரு பக்கம் வையுங்கள். தேதி தேதியாகப் பொருத்திக்கொண்டே போங்கள். உங்கள் அப்பா அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறார்.

அண்ணனின் 16,400 மணி நேரத்தையும் பார்த்துவிடுவோம். அதை 24ஆல் வகுத்தால் 683 நாள். இரண்டு வருடம்கூட இல்லை. 34 வருடத்தில் இரண்டு வருடத்துக்கும் குறைவாகத்தான் வானத்தில் இருந்தார் என்று நீங்கள் அண்ணனிடம் வாதாடலாம். ஆனால் அப்படி வாதாடாதீர்கள். அது நியாயமில்லை. லாக் புக்கில் எழுதுவது சக்கரத்துக் கட்டையை எடுத்ததிலிருந்து மறுபடி கட்டை வைக்கும் வரை உள்ள நேரம் மட்டும். அதற்கு முன்னால் ஏர்போர்ட்டில் ரிப்போர்ட் செய்வது, அதற்கும் முன்னால் பிக்கப் வண்டி வருவது, ஓட்டத்துக்கும் ஓட்டத்துக்கும் நடுவில் காத்திருப்பது, வெளியூரில் ராத்திரி தங்குவது, வீட்டிலேயே இருந்தாலும் கூப்பிட்டால் கிளம்ப வேண்டிய ஸ்டாண்ட்பை நாட்கள், எதுவும் அதில் வராது. வீட்டில் அவர் இல்லாத நேரம் 16,400ஐவிடப் பல மடங்கு.

எண்ணிப் பார்க்க வழி இருக்கிறது. ஒரு நாளின் கடைசி வரி டெல்லியில் முடிந்து, அடுத்த நாளின் முதல் வரி டெல்லியில் தொடங்கினால் அது நைட் ஹால்ட். எம்.ஏ.ஏ. என்பது சென்னை; அதில் முடியாத நாளெல்லாம் அவர் வீட்டில் படுக்காத ராத்திரி. அந்த இரண்டாவது பக்கத்தில் 23 நாள் பதிவாகியிருக்கிறது. அதில் எட்டு ராத்திரி வெளியூர். அண்ணன் சொல்வது உண்மை. அதை அண்ணன் பெயரிலேயே மலரில் எழுதச் சொல்லுங்கள். "என் ரிசல்ட் வந்த அன்று அப்பா இல்லை" என்றே தொடங்கட்டும். அந்தத் தேதியை லாக் புக்கில் தேடி, அன்று அவர் எங்கே இருந்தார் என்று கீழே போடுங்கள். சமாதானம் ஒன்றும் எழுத வேண்டாம். என் மகள் முதன்முதலாக எழுந்து நடந்தபோது நான் கல்கத்தாவில் நைட் ஹால்ட். அதற்கு என்னிடம் இன்றுவரை சமாதானம் இல்லை. உங்கள் அப்பாவிடமும் இருந்திருக்காது. இல்லாத ஒன்றை அவருக்காக நாம் ஏன் எழுத வேண்டும்?

ஆனால் அண்ணனிடம் வேறொன்று சொல்லுங்கள். உங்கள் கடிதத்தில் மூன்று சின்ன ஞாபகங்களை அங்கங்கே தெளித்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். அவை ஒன்றோடொன்று சேர்ந்தவை என்று உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

வருடத்துக்கு இரண்டு முறை அப்பா ஹைதராபாத்திலிருந்து பழ பிஸ்கெட் டப்பா வாங்கி வருவார் என்கிறீர்கள். இன்னொரு இடத்தில், "சில சமயம் ஒரு வாரம் யாரோடும் பேசாமல் சிடுசிடுவென்று இருப்பார், ஏன் என்றே தெரியாது" என்கிறீர்கள். ஹைதராபாத்தில் பயிற்சி மையம் இருந்தது. நிஜ காக்பிட் மாதிரியே தரையில் செய்துவைத்த பயிற்சி இயந்திரமான சிமுலேட்டர் அங்கேதான். ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு விமானியும் அதில் உட்கார்ந்து தேர்வு கொடுக்க வேண்டும். ஓடுபாதையில் வேகம் எடுத்து இனி நிறுத்த முடியாது என்கிற நொடியில் ஒரு இன்ஜினை அணைத்துவிடுவார்கள். தீ எச்சரிக்கை மணி அடிப்பார்கள். ஒற்றை இன்ஜினில் மழையில் இறக்கச் சொல்வார்கள். இருபது வருட அனுபவம் இருந்தாலும் தேர்வு தேர்வுதான். தேறவில்லை என்றால் மறுபடி தேறும் வரை பறக்க முடியாது. ஒருவர் 34 வருடம் வேலை பார்த்தால் அறுபதுக்கு மேற்பட்ட தடவை பரீட்சை எழுதியிருக்கிறார் என்று அர்த்தம். சிடுசிடுத்த அந்த வாரம் தேர்வுக்கு முந்தின வாரம். பிஸ்கெட் டப்பா, தேறிவிட்டேன் என்கிற சேதி. அவர் அதை வாயால் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

மூன்றாவது ஞாபகம், படுக்கையறைச் சுவரில் ஒட்டியிருந்த பெரிய படம். பொத்தானும் விளக்குமாக இருந்ததென்றும், அப்பா எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாக விரலால் தொட்டு முணுமுணுப்பாரென்றும், நீங்கள் அதை ஏதோ பூஜை என்று நினைத்தீர்களென்றும் எழுதியிருக்கிறீர்கள். அது காகித காக்பிட். புது ரக விமானத்துக்கு மாறும்போது, நிஜமான காக்பிட்டில் கை பழகுவதற்கு முன் வீட்டுச் சுவரில் பழகுவோம். முணுமுணுத்தது செக்லிஸ்ட். லாக் புக்கைப் பார்த்தால் எந்த வருடம் என்று தெரியும். போயிங் 737 வரிசையாக வந்துகொண்டிருக்கும். திடீரென்று சில வாரம் எதுவும் இருக்காது. பிறகு ஏர்பஸ் ஏ320 தொடங்கும். அந்த இடைவெளிதான் சுவரில் படம் ஒட்டியிருந்த காலம்.

இந்த மாற்றம் எவ்வளவு பெரியது என்று வெளியே இருப்பவர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். 737-இல் இரண்டு கையாலும் பிடிக்கிற கனமான ஸ்டியரிங் உண்டு. இழுத்தால் இழுக்கிறது என்று கைக்குத் தெரியும். ஏ320-இல் அது இல்லை. பக்கவாட்டில் ஒரு சின்னக் குச்சி, நடுவில் கம்ப்யூட்டர். இருபது வருடம் உடம்பில் ஊறிய பழக்கத்தை விட்டுவிட்டு, நாற்பது வயதுக்கு மேல் மறுபடி மாணவனாக உட்கார வேண்டும். "அப்பாவின் தடித் தடிப் புத்தகங்கள் டைனிங் டேபிள் முழுக்க இருக்கும், பத்தாவது படிக்கும் அண்ணனுக்குப் புத்தகம் வைக்க இடமிருக்காது, இருவருக்கும் சண்டை வரும்" என்று எழுதியிருக்கிறீர்களே, அது அந்த வருடம்தானா என்று பாருங்கள். என் கணக்குச் சரியென்றால், அப்பாவும் மகனும் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து பரீட்சைக்குப் படித்திருக்கிறார்கள். மகனுக்கு அது தெரியாது. கனடாவுக்கு போன் போட்டு இதை மட்டும் சொல்லிப் பாருங்கள். வேறு எதுவும் சொல்ல வேண்டாம்.

அப்பா எப்படிப்பட்ட விமானி என்பதை எழுதுவதில் ஒரு கஷ்டம் இருக்கிறது. டாக்டர் என்றால் பிழைத்தவர்கள் வந்து சொல்வார்கள், வாத்தியார் என்றால் மாணவர்கள் சொல்வார்கள். விமானி ஒழுங்காக வேலை செய்தார் என்றால் அன்று எதுவும் நடக்கவில்லை என்று அர்த்தம். பயணிகள் இறங்கிப் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள், ஓட்டியது யாரென்று கேட்க மாட்டார்கள். ஒரு ஓட்டத்துக்குச் சராசரி ஒன்றேகால் மணி நேரம் என்று வைத்தால் 16,400 மணி நேரம் என்பது சுமார் 13,000 தரையிறக்கம். தடவைக்கு நூறு பேர் என்றால் 13 லட்சம் பேர். அத்தனை பேரும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினார்கள். இதை எந்தப் பாராட்டுச் சொல்லும் போடாமல், இப்படிக் கணக்காகவே மலரில் போடுங்கள்.

மற்றதை அவரோடு வேலை பார்த்தவர்களிடம் கேளுங்கள். "அப்பாவைப் பற்றி நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள்" என்று கேட்டால் "சிறந்த மனிதர், கடமை வீரர்" என்றுதான் எழுதித் தருவார்கள். அப்படிக் கேட்காதீர்கள். அவருக்குக் கீழே கோ-பைலட்டாக இருந்தவர்களிடம், "அப்பா எப்போது உங்களை லேண்டிங் செய்ய விட்டார்?" என்று கேளுங்கள். நல்ல வெயிலில் எல்லோரும் விடுவார்கள். பக்கக் காற்று அடிக்கும்போது, தன் கையைத் தயாராக வைத்துக்கொண்டு, ஆனால் தொடாமல், இளம் விமானியை இறக்க விடுகிறவர் குறைவு. "அப்பா கோ-அரவுண்ட் போன நாள் ஞாபகம் இருக்கிறதா?" என்றும் கேளுங்கள். இறங்கிக்கொண்டிருக்கும் விமானத்தை, சரியாக அமையவில்லை என்று கடைசி நிமிடத்தில் மறுபடி மேலே ஏற்றுவது அது. பின்னால் பயணிகள் முணுமுணுப்பார்கள், எரிபொருள் கூடுதலாகச் செலவாகும், தன் கெட்டிக்காரத்தனத்துக்கு இழுக்கு என்று தோன்றும். அதையெல்லாம் பார்க்காமல் மேலே ஏற்றுகிறவரைத்தான் நாங்கள் நல்ல விமானி என்போம்.

பிக்கப் வண்டி ஓட்டியவர் யாராவது இருந்தால் விடாதீர்கள். விடியற்காலை மூன்றரைக்குத் தெருமுனையில் நின்றவருக்குத் தெரிந்தது உங்கள் யாருக்கும் தெரிந்திருக்காது. அப்பா ஹாரன் அடிக்க விட்டாரா, கதவை எப்படிச் சாத்திவிட்டு வந்தார், வண்டியில் ஏறியதும் முதலில் என்ன பேசினார்? கல்யாண வீடுகளில் பந்திக்கு முன்பே எழுந்து போய்விடுவார் என்று உங்கள் சித்தப்பா இன்னும் குறைப்படுவதாக எழுதியிருக்கிறீர்கள். மூன்றரைக்கு வண்டி வரும் என்றால் எட்டு மணிக்குப் படுத்தாக வேண்டும். அதைச் சித்தப்பாவிடம் இப்போதாவது சொல்லிவிடுங்கள்.

இந்த ஊர் மறக்காத ஒரு விமானியைப் பற்றி ஒரு வார்த்தை. கேப்டன் வி. சுந்தரம். தேசம் விடுதலையான நாட்களில் சர்தார் படேலைச் சமஸ்தானம் சமஸ்தானமாக விமானத்தில் கொண்டுபோனவர். மனைவி உஷா சுந்தரமும் விமானி. பெங்களூர் ஜக்கூரில் இருந்த விமானப் பயிற்சிப் பள்ளியில் தேறியவர். கணவனும் மனைவியுமாகச் சேர்ந்து டி ஹாவிலண்ட் டவ் விமானம் ஒன்றை லண்டனிலிருந்து பம்பாய்க்கு 27 மணி நேரத்தில் ஓட்டிவந்தார்கள். கேப்டன் சுந்தரம் மொத்தம் எத்தனை மணி நேரம் பறந்தார் என்று சென்னையில் கேட்டுப் பாருங்கள், சொல்ல ஆள் கிடைக்காது. 1959-இல் மழை வெள்ளத்தில் தத்தளித்த நாய்க்குட்டிகளை வீட்டுக்குத் தூக்கிவந்தார் என்றால் தெரியும். விலங்குகளைக் காக்கும் ப்ளூ கிராஸ் அமைப்பு அந்த வீட்டிலிருந்துதான் தொடங்கியது. மனைவி, பிள்ளைகள் எல்லோரும் அதில் இறங்கினார்கள். உங்கள் அப்பாவுக்கும் அப்படி ஒன்று இருக்கும். ஊருக்குத் தெரிந்ததாக இருக்க வேண்டும் என்பதில்லை.

அந்த ஒன்று எது என்று நான் நினைப்பதைச் சொல்கிறேன். வெளியூர் போனுக்கு எஸ்.டி.டி. கட்டணம் அதிகமாக இருந்த காலத்தில், எந்த ஊரில் இறங்கினாலும் அப்பா வீட்டுக்கு போன் போட்டு இரண்டு ரிங் விட்டுக் கட் செய்வார், எடுக்கக் கூடாது, பத்திரமாக இறங்கிவிட்டேன் என்று அர்த்தம், செல்போன் வந்த பிறகும் அந்த இரண்டு ரிங்கை விடவில்லை, என்று உங்கள் கடிதத்தின் கடைசியில், பின்குறிப்பு மாதிரி எழுதியிருக்கிறீர்கள். அம்மா இன்னமும் சாயங்காலம் போனைப் பார்ப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அதைப் பின்குறிப்பாக வைக்காதீர்கள், தயவுசெய்து.

நடைமுறை விஷயம் இரண்டு. லாக் புக்கை லேமினேட் செய்யாதீர்கள், செலோடேப் ஒட்டாதீர்கள். இரண்டுமே காலப்போக்கில் தாளைக் கெடுக்கும். பக்கம் பக்கமாக ஸ்கேன் எடுத்துவிட்டு, பருத்தித் துணியில் சுற்றி, ஈரம் படாத அலமாரியில் படுக்கவைத்த நிலையில் வையுங்கள். யூனிஃபாரத்தை என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். அம்மாவுக்கு மனம் வரும் வரை ஒன்றும் செய்ய வேண்டாம். தோள்பட்டையிலிருக்கும் நான்கு தங்கப் பட்டைகளை மட்டும் கழற்றி, ஒரு ஜோடியை அண்ணனுக்கு அனுப்புங்கள். கேட்க மாட்டான், ஆனால் அனுப்புங்கள்.

மூன்றாவது பக்கம் கடைசி ஓட்டம். அதில் நீங்கள் மூவரும் பயணிகளாக இருந்தீர்கள், எல்லாம் உங்களுக்கே தெரியும், நான் சொல்ல ஒன்றுமில்லை.

நீங்கள் அனுப்பாத ஒரு பக்கத்தைத்தான் நான் கேட்கப் போகிறேன். 1990 பிப்ரவரி. அந்த மாதம் 14ஆம் தேதி மதியம் ஒரு மணி சுமாருக்கு, பம்பாயிலிருந்து பெங்களூருக்கு வந்த ஏ320 ஒன்று ஓடுபாதைக்கு முன்னாலேயே விழுந்தது. 92 பேர் இறந்தார்கள். செல்போன் இல்லாத காலம். பெங்களூரில் விமானம் விழுந்துவிட்டது என்ற செய்தி வீடுகளுக்கு வரும்போது எந்த விமானம், யார் ஓட்டியது என்று சேர்ந்து வரவில்லை. அன்று சாயங்காலம் விமானிகளின் வீடுகளில் எல்லாப் பெண்களும் போன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். என் மனைவியும் உட்கார்ந்திருந்தாள். உங்கள் அப்பா அப்போது 737-இல் இருந்திருப்பார். அன்று அவர் எங்கே இருந்தார் என்று அந்தப் பக்கத்தைப் பார்த்தால் தெரியும். எத்தனை மணிக்கு இறங்கினார் என்றும் தெரியும், ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். பார்த்துவிட்டு, அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அன்றைக்கு அந்த இரண்டு ரிங் எத்தனை மணிக்கு வந்தது என்று கேளுங்கள். அம்மா சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். மலரின் முதல் பக்கம் அதுதான்.